பி10-க்கு அக்கம்பக்கம் யார்? இன்சுலின் தொடுகைக் கணக்கு ஒன்று தப்பிப்போனது எப்படி

துத்தநாகத்தின் வரிசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒன்றும் ஒரு தண்ணீர் மூலக்கூறும் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. இன்சுலின் படிகத்தில் எது எதைத் தொடுகிறது என்று மாணவி கொண்டுவந்த பட்டியலில் நான் முதலில் விரல் வைத்த இடம் அதுதான். புரதத்துக்குள் இருக்கும் துத்தநாக அயனி சாதாரணமாக நான்கு அணுக்களையாவது பிடித்துக்கொண்டிருக்கும். சில இடங்களில் ஐந்து, ஆறு கூட உண்டு. இரண்டே இரண்டு என்றால், ஒன்று கட்டமைப்பில் தப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணியதில் தப்பு இருக்க வேண்டும். கட்டமைப்பு உலகமே அரைநூற்றாண்டாகப் பார்த்துச் சலித்த இன்சுலின். அதனால் சந்தேகம் எங்கள் பக்கம்தான் திரும்பியது.

புதுச்சேரியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் உயிர்தகவலியல் இறுதியாண்டு புராஜெக்ட் அது. மாணவி கடலூர் முதுநகர். தினமும் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வழியாக பஸ்ஸில் வந்துபோகிறவர். தலைப்பை அவரே வீட்டிலிருந்துதான் கொண்டுவந்தார். "ஆயாவுக்கு முன்னல்லாம் ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடணும்னு சொல்லுவாங்க சார். இப்ப மாத்திக் கொடுத்திருக்கிற ஊசிய சாப்பிட உக்காரும்போதே போட்டுக்கலாமாம். ரெண்டுமே இன்சுலின்தானே, அப்புறம் ஏன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதிலின் பெரும்பகுதி இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று எங்கே தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. அதையே கணக்கிடலாம் என்று முடிவு செய்தோம்.

இன்சுலின் சின்னப் புரதம். ஏ சங்கிலியில் 21 அமினோ அமிலங்கள், பி சங்கிலியில் 30, மொத்தம் 51. சங்கிலியில் கோத்த பிறகு ஒவ்வொன்றையும் ரெசிட்யூ என்பார்கள். பாடநூல்களில் எச்சம் என்று இருக்கும். பி சங்கிலியின் பத்தாவது ரெசிட்யூவை பி10 என்று எழுதுவது வழக்கம். இந்த வரிசையைக் கண்டுபிடித்ததற்காக ஃபிரெட் சாங்கருக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. முப்பரிமாண வடிவத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு படிகவியலாளர் டோரதி ஹாட்ஜ்கின் இன்சுலின் படிகத்தை எக்ஸ்-கதிரில் முதலில் படம் எடுத்தது 1935-இல். கட்டமைப்பு வெளிவந்தது 1969-இல். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் எம். விஜயன், பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிகவியலை வளர்த்தவர்.

நாங்கள் எடுத்தது அதே ஆக்ஸ்ஃபோர்டு குழு பிறகு 1.5 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் மெருகேற்றி 1988-இல் வெளியிட்ட பன்றி இன்சுலின். புரதத் தரவு வங்கியில் அதன் எண் 4ஐஎன்எஸ். ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. பன்றிக்கும் மனிதனுக்கும் இன்சுலினில் வித்தியாசம் பி30 என்ற கடைசி இடத்தில் மட்டும்தான்: அங்கே அலனின், நமக்கு திரியோனின். எங்கள் கேள்விக்கு அது இடைஞ்சல் இல்லை.

தொடுகை என்று எதைச் சொல்வது

இதில் ஒருநாள் முழுக்கப் போனது, போனதும் நல்லதுதான். இரண்டு ரெசிட்யூக்கள் தொடுகின்றன என்று சொல்ல ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட ஒரே வரையறை கிடையாது. ஒவ்வொரு ரெசிட்யூவுக்கும் சங்கிலியின் முதுகெலும்பில் ஆல்ஃபா கார்பன் என்று ஓர் அணு உண்டு, அதிலிருந்துதான் பக்கக் கிளை நீளும். பலர் ஆல்ஃபா கார்பனுக்கும் ஆல்ஃபா கார்பனுக்கும் 7 அல்லது 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் போதும் என்கிறார்கள். கட்டமைப்பை ஊகிக்கும் போட்டிகளில் பக்கக் கிளையின் முதல் அணுவான பீட்டா கார்பனை வைத்து 8 ஆங்ஸ்ட்ராம். கிளைசினுக்குப் பீட்டா கார்பன் இல்லை என்பதால் அதற்கு மட்டும் ஆல்ஃபா. புரதத்தின் மடிப்பு பொதுவாக எப்படி இருக்கிறது என்று பார்க்க இவை போதும்.

எங்களுக்குப் போதாது. ஆல்ஃபா கார்பன்கள் அருகில் இருந்தும் பக்கக் கிளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் வாசல் வேறு வேறு தெருவில் என்பது போல. மாறாக, ஆர்ஜினின், டைரோசின் போன்ற நீளமான பக்கக் கிளைகள் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் விலகியிருந்தும் நுனியால் தொட்டுக்கொள்ளும். மருந்தின் வேகத்தை மாற்றுகிற சமாச்சாரம் நுனிகளில்தான் நடக்கிறது. அதனால் ஹைட்ரஜன் தவிர்த்த எந்த அணுவும் எந்த அணுவுக்கும் 4.5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்று வைத்துக்கொண்டோம். ஹைட்ரஜனை விட்டது, இந்தத் துல்லியத்தில் எக்ஸ்-கதிர் அதைச் சரியாகக் காட்டாது என்பதால். சங்கிலியில் அடுத்தடுத்து இருப்பவை எப்படியும் தொடும், அவற்றை எண்ணினால் பட்டியல் வீங்கும். ஒரே சங்கிலிக்குள் மூன்று இடத்துக்குள் இருக்கும் ஜோடிகளை விட்டுவிட்டோம்.

மாணவி பயோபைத்தான் என்ற உயிரியல் நிரல் தொகுப்பில் சின்ன நிரல் எழுதினார். வேலை செய்கிறதா என்று பார்க்கத் தெரிந்த விடையில்தான் உரசிப் பார்க்க வேண்டும். இன்சுலினில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்த பாலங்கள் மூன்று: ஏ6–ஏ11, ஏ7–பி7, ஏ20–பி19. மூன்றும் 2 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய தூரத்தில் வந்தன. நிரல் சரி.

பட்டியல் சொன்னதும் சொல்லாததும்

4ஐஎன்எஸ் கோப்பில் இரண்டு இன்சுலின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஏ, பி சங்கிலிகள் சேர்ந்து ஒன்று. சி, டி சேர்ந்து இன்னொன்று. டி என்பது இரண்டாம் மூலக்கூறின் பி சங்கிலி. பெயரிடும் முறை கொஞ்சம் எரிச்சலூட்டும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த இரண்டுக்கும் இடையே எதிர்பார்த்தது எல்லாம் வந்தது. இரண்டு பி சங்கிலிகளின் வால்பகுதிகளும் தலைமாறிப் படுத்து, பி24-க்கும் பி26-க்கும் இடையே நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் தைத்துக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் பி12 வேலின், பி16 டைரோசின், பி24 ஃபினைல்அலனின், பி26 டைரோசின் ஆகியவை எண்ணெய்ப் பிசுக்கு போல ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு மூலக்கூறின் பி28 புரோலின் மற்றதன் பி23 கிளைசின் மேல் சாய்ந்திருக்கிறது. இந்தக் கடைசி ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நிம்மதி. ஆனால் அறிக்கையின் வரைவில் ஒரு வரி: பி10 ஹிஸ்டிடின் தொடுகைகள் குறைந்த, முக்கியத்துவம் இல்லாத ரெசிட்யூ. துத்தநாகத்தைப் பிடித்திருந்த அந்த ஒரே ஹிஸ்டிடின்தான் பி10. அதற்குக் கீழே, பி1 ஃபினைல்அலனின், பி17 லூசின், ஏ13 லூசின், ஏ14 டைரோசின் எல்லாம் வெளிப்புறத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று இருந்தது. தண்ணீர் பிடிக்காத இத்தனை பேர் மொத்தமாக வெளியே நிற்பார்களா? ஒன்றிரண்டு நிற்கலாம். இப்படிக் கும்பலாக நின்றால் எதிரே யாரோ இருக்கிறார்கள், நம் கண்ணுக்குப் படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

"எல்லையக் கூட்டிப் பார்த்தியாம்மா?"

"6 வெச்சுப் பார்த்தேன் சார், 8-உம் வெச்சுப் பார்த்தேன். எண்ணிக்கைதான் ஏறுது. துத்தநாகத்துக்கு ரெண்டாவது ஹிஸ்டிடின் வரவே இல்ல."

அந்தப் பதிலிலேயே விடை இருந்தது, எனக்குத்தான் அன்று உறைக்கவில்லை. வேறு வழிகளில் போய்விட்டோம். உயர் துல்லியக் கட்டமைப்புகளில் ஒரே பக்கக் கிளைக்கு இரண்டு நிலைகள் எழுதியிருப்பார்கள். நிரல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்குமோ என்று தேடினோம். அதில் பி10-க்குச் சம்பந்தம் இல்லை.

அப்புறம் நிரலிலேயே ஒரு குறை கண்ணில் பட்டது. இரண்டு மூலக்கூறுகளின் தொடுகைகளையும் சராசரி எடுத்து ஒரே அட்டவணையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே புரதம்தானே என்று மாணவி நினைத்திருக்கிறார். ஆனால் இந்தப் படிகத்தில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றல்ல. பி25 ஃபினைல்அலனின் ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் வேறு பக்கமும் திரும்பியிருப்பது பழைய ஆய்வாளர்களே எழுதிவைத்த செய்தி. சராசரி எடுத்தால் அந்த வித்தியாசம் கரைந்துபோகும். பி25-க்கு இரண்டு வரிசை தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னேன். உண்மையான குறை, திருத்தவும் செய்தோம். துத்தநாகம் மட்டும் அசையவில்லை. ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதுதான் நாம் தேடிய பிழை என்று நினைத்து, அரைநாளைப் போக்கிவிட்டோம்.

பூஜ்யம், பூஜ்யம், 0.33

கடைசியில் படம் காட்டும் மென்பொருள்களை எல்லாம் மூடிவிட்டு, கோப்பை வெறும் எழுத்தாகத் திறந்து துத்தநாகத்தின் வரியைப் படித்தோம். எக்ஸ் ஏறக்குறைய பூஜ்யம். ஒய்யும் ஏறக்குறைய பூஜ்யம். இசட்டுக்கு மட்டும் மதிப்பு இருக்கிறது. இருப்பு விகிதம் என்ற கட்டத்தில் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.33.

"மூணுல ஒரு பங்கு துத்தநாகமா சார்?" என்றார் மாணவி.

ஆமாம், அதுதான் விஷயம். படிகவியலாளர்கள் படிகம் முழுவதையும் கோப்பில் எழுதுவதில்லை. திரும்பத் திரும்ப வருவதில் ஒரு பங்கை எழுதி, எப்படித் திருப்பிப் போட வேண்டும் என்ற விதியைத் தலைப்பில் கொடுத்துவிடுவார்கள். மார்கழியில் வாசலில் போடும் இடைப்புள்ளி நட்சத்திரக் கோலம் தெரியும் அல்லவா? கோல நோட்டில் சிலர் ஒரு பகுதியை மட்டும் வரைந்து வைத்திருப்பார்கள். மீதியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த நோட்டைப் பார்த்து, இந்தக் கோடு எங்கும் போய்ச் சேரவில்லையே என்று கேட்டால் எப்படி இருக்கும்? நாங்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தப் படிகத்தின் இடக்குலம், அதாவது அதன் சமச்சீர் விதித் தொகுப்பு, ஆர்3. அதில் இசட் திசையில் ஒரு மும்மடங்கு அச்சு ஓடுகிறது. அதைச் சுற்றி 120 பாகை திருப்பினால் எல்லாம் அப்படியே பொருந்தும். துத்தநாகம் சரியாக அந்த அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. திருப்பினால் அது நகராது. மூன்று முறை எண்ணப்படும். அதனால்தான் அதற்கு மூன்றில் ஒரு பங்கு. 8 ஆங்ஸ்ட்ராமுக்கு எல்லையைக் கூட்டியும் இரண்டாவது ஹிஸ்டிடின் வராததற்குக் காரணமும் இதுவே. அது தூரத்தில் இல்லை. கோப்பிலேயே இல்லை.

கரும்பலகையில் கையாலேயே போட்டுப் பார்த்தோம். அச்சு மூலப்புள்ளி வழியாகப் போவதால் கணக்கு சுலபம்: புதிய எக்ஸ் என்பது மைனஸ் 0.5 எக்ஸ், மைனஸ் 0.866 ஒய், புதிய ஒய் என்பது 0.866 எக்ஸ், மைனஸ் 0.5 ஒய், இசட் மாறாது. ஹிஸ்டிடினின் நைட்ரஜனை இப்படி இரண்டு தடவை திருப்பினால், துத்தநாகத்திலிருந்து அதே 2.1 ஆங்ஸ்ட்ராம் அளவு தூரத்தில் இன்னும் இரண்டு நைட்ரஜன்கள் வந்து நின்றன. தண்ணீரும் மூன்றானது. மூன்று ஹிஸ்டிடின், மூன்று தண்ணீர், ஆறு கை. துத்தநாகம் வீடு வந்து சேர்ந்தது. கோப்பின் தலைப்பில் ரிமார்க் 350 என்ற பகுதியில் இதே 0.5-உம் 0.866-உம் மேட்ரிக்ஸாக எழுதியிருந்ததை அப்புறம்தான் காட்டினேன். முதலிலேயே காட்டியிருந்தால் அரைமணியில் முடிந்திருக்கும் என்று மாணவி முகத்தில் எழுதியிருந்தது. நானும் முதலில் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன்.

ஆக, கோப்பில் உள்ள இரண்டு மூலக்கூறு ஜோடி, அதாவது டைமர், மூன்று முறை திரும்பி ஆறு மூலக்கூறுகள் கொண்ட ஹெக்ஸாமர் ஆகிறது. 306 ரெசிட்யூக்கள், நடு அச்சில் இரண்டு துத்தநாகம்.

இந்தப் பக்கம் போய், அந்தப் பக்கமும் போனோம்

விஷயம் புரிந்த உற்சாகத்தில் மாணவி அடுத்த நாள் எல்லாச் சமச்சீர் நகல்களையும் உருவாக்கிக்கொண்டு வந்துவிட்டார். மென்பொருளில் அதற்கு ஒரே கட்டளை போதும். ஆனால் ஆர்3 அமைப்பில் ஓர் அலகுக் கூட்டில், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் பெட்டியில், ஒன்பது நகல்கள். நகலுக்கு இரண்டு மூலக்கூறு என்று 18 இன்சுலின், அதாவது மூன்று ஹெக்ஸாமர். ஒரு ஹெக்ஸாமர் பக்கத்து ஹெக்ஸாமரை உரசும் இடங்களும் பட்டியலில் வந்துவிட்டன. அவை படிகத்தில் அடுக்கியதால் ஏற்பட்ட தொடுகைகள். கரைசலில் இருக்காது. பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்களை எல்லாம் சொந்தக்காரர்கள் என்று எண்ணிக்கொள்ள முடியுமா?

எது சொந்தம், எது நெரிசல் என்று பிரிப்பதற்கு எப்போதும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. இன்சுலினில் எங்களுக்கு அதிர்ஷ்டம்: துத்தநாகம் இருந்தால் கரைசலிலும் அது ஹெக்ஸாமராகவே இருக்கும் என்பது படிகத்துக்கு வெளியே வேறு முறைகளிலும் உறுதியான விஷயம். அதனால் மும்மடங்கு அச்சைச் சுற்றிய மூன்று நகல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கினோம். அவ்வளவு ஆய்வு நடக்காத புரதமாக இருந்தால் இரண்டு மூலக்கூறுகள் ஒட்டும் இடைமுகத்தின் பரப்பு, அங்கே எந்த மாதிரி ரெசிட்யூக்கள், உறவுப் புரதங்களில் அவை மாறாமல் இருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஊகம் தவறவும் செய்யும்.

இன்னொரு சின்ன வேடிக்கை. நகல் எடுத்ததும் நிரல் ஆறு துத்தநாகம் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் சில ஜோடிகளுக்கு இடையே தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். அச்சின் மேல் இருக்கும் அயனியைத் திருப்பினால் அது தன் மேலேயே வந்து விழும். கணினிக்கு அது தெரியாது. ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தவற்றை நீக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும். பி–டி தொடுகைகளும் மும்மடங்காகிவிட்டிருந்தன, மூன்றால் வகுத்தோம்.

புதிய பட்டியல்

இப்போது தொடுகைகளை மூன்று வகையாகப் பிரித்தோம்: மூலக்கூறுக்குள், டைமருக்குள், டைமருக்கும் டைமருக்கும் இடையே. தண்ணீரைப் பார்த்து நின்றதாக எழுதப்பட்ட பி1, பி17, ஏ13, ஏ14 நான்கும் மூன்றாம் வகையில் வந்து உட்கார்ந்தன. பி10 பட்டியலின் நடுநாயகம்.

எனக்குப் பிடித்தது பி13 குளூட்டமிக் அமிலம். ஆறு மூலக்கூறுகளின் பி13-களும் ஹெக்ஸாமரின் நடுவில் ஒன்றுகூடுகின்றன. எல்லாமே எதிர்மின்னேற்றம் கொள்ளக் கூடியவை, ஒன்றையொன்று தள்ளும். தொடுகைப் பட்டியலைப் பார்த்தால் அருகருகே இருப்பதால் பாசம் என்று தோன்றும். உண்மையில் அங்கே சண்டை. துத்தநாகம்தான் நடுவில் கட்டிப்போட்டிருக்கிறது. பி13-ஐ மின்னேற்றம் இல்லாத குளூட்டமினாக மாற்றினால் துத்தநாகம் இல்லாமலேயே ஹெக்ஸாமர் உருவாகிறது என்று செய்து காட்டியிருக்கிறார்கள். தூரத்தை மட்டும் அளக்கும் நிரலுக்கு நட்பும் பகையும் தெரியாது. அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கச் சொன்னேன், மாணவி ஒரு பக்கமே எழுதிவிட்டார்.

ஆயாவின் ஊசி

ஹெக்ஸாமர் அப்படியே ரத்தத்தில் கலக்காது, பெரிது. தோலுக்கடியில் போனதும் நீர்த்து, டைமராகி, பிறகு தனி மூலக்கூறாகப் பிரிந்துதான் சீக்கிரம் உள்ளே போகும். சாதாரண இன்சுலினுக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே ஊசி என்பது பெரும்பாலும் இந்தப் பிரிவதற்கான அவகாசம். நினைவில் வைக்கச் சொன்ன பி28–பி23 ஜோடி இங்கே வருகிறது. லிஸ்ப்ரோ என்ற மாற்று இன்சுலினில் பி28 புரோலினையும் பி29 லைசினையும் இடம் மாற்றிப் போட்டார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-இல். அஸ்பார்ட் இன்சுலினில் பி28-இல் அஸ்பார்டிக் அமிலம். இரண்டிலும் டைமரின் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இன்சுலின் தன் ஏற்பியோடு சேரும் வேலை கெடவில்லை. பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும் பிடி மட்டும் விட்டது.

அப்படியானால் பி10-ஐயே மாற்றி, ஹெக்ஸாமரே வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று மாணவி கேட்டார். குப்பிக்குள் ஹெக்ஸாமர் தேவை. தனி மூலக்கூறாக இருக்கும்போதுதான் இன்சுலின் உருக்குலைந்து நாராகத் திரண்டு வீணாகும். கூட்டமாக இருக்கும்போது தாக்குப்பிடிக்கும். லிஸ்ப்ரோவும் அஸ்பார்ட்டும் குப்பியில் துத்தநாகத்தோடு ஹெக்ஸாமராகவே இருக்கின்றன, உடம்புக்குள் போனதும் சட்டென்று கலைகின்றன. இதைச் சொன்னதும் அவர் 2011 தானே புயலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கடலூரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆயாவின் இன்சுலினை மண்பானையில், ஈரத்துணி சுற்றி வைத்திருந்தார்களாம். சின்னப் பிள்ளையாக அந்தப் பானைக்குத் தண்ணீர் தெளித்தது இவர் வேலை.

ஒன்றை அறிக்கையில் தெளிவாக எழுத வைத்தேன். 4ஐஎன்எஸ் படிகத்தில் ஃபீனால் இல்லை. கடையில் வாங்கும் குப்பியைத் திறந்தால் ஆஸ்பத்திரித் தரை மாதிரி ஒரு வாடை வருமே, அது பதப்படுத்தச் சேர்க்கும் ஃபீனால் அல்லது மெட்டாகிரெசால். அது ஹெக்ஸாமருக்குள் இடம்பிடித்து உட்கார்ந்தால் பி சங்கிலியின் தலைப்பகுதி, பி1 முதல் பி8 வரை, சுருள் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஆகவே எங்கள் பட்டியலில் பி1-க்குச் சொன்ன தொடுகைகளை அப்படியே குப்பிக்குள் இருக்கும் இன்சுலினுக்குச் சொல்லக் கூடாது. டைமருக்குள் இருக்கும் பி24–பி26 பகுதியின் கதை வேறு, அது இரண்டு வடிவத்திலும் நிலைக்கிறது.

ஃபீனால் சேர்ந்த கட்டமைப்பு ஒன்றையும் மாணவி இறக்கி வைத்திருக்கிறார். செமஸ்டர் முடிந்ததும் அதே நிரலை அதில் ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு. ஓட்டும் முன் நகல் எடுக்கும் பகுதியைத் திருத்த வேண்டும். இப்போதைக்கு அச்சு மூலப்புள்ளி வழியாகப் போகிறது என்று அதில் கையாலேயே எழுதி வைத்திருக்கிறோம்.